மூக்கி எழுதிய காலண்டர் தாள்கள்

நூல் ஆலையின் கேன்டீனில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரியதல்ல. இருநூற்று நாற்பது பேருக்கு வேகிற குண்டானில் உப்புப் போட மறந்திருந்தால், ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவாள். மீன் பெட்டி வந்து இறங்கினால் பத்தடி தள்ளி நின்றபடியே, "இது நேத்து மீன் இல்ல, முந்தாநாள் மீன். திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்பாள். மீன்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "இந்தம்மாவுக்கு இருக்கிறது மூக்கா? உள்ள ஒரு போலீஸ் நாயில்ல உக்காந்திருக்கு!" பதினெட்டு வருஷமாக அந்த அடுப்படியில் அவள் சொன்னதுதான் சட்டம்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

பெரிய காய்ச்சல்கூட இல்லை. ஐந்து நாள் படுத்தாள். ஆறாம் நாள் காலையில் எழுந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்த பூனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் கணவர் குளியலறையிலிருந்து இடுப்புத் துண்டோடு ஓடி வந்தார்.

"பால் தீயுது! பக்கத்துலயே நின்னுக்கிட்டு வேடிக்கையா பார்க்கிற?"

திரும்பிப் பார்த்தாள். பாத்திரத்தின் அடி கறுத்துப் புகை எழுந்துகொண்டிருந்தது. குனிந்து புகைக்குள் முகத்தை வைத்து இழுத்தாள். கண் எரிந்தது. மூக்கில் ஒன்றுமே இல்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள், சோப்பை எடுத்தாள், நறுக்கிய வெங்காயத்தில் மூக்கைத் தேய்த்தாள். கண்ணாடியை முகர்ந்தது போலத்தான் இருந்தது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நரம்பு பாதிச்சிருக்கும்மா. ஆறு மாசத்துல திரும்பலாம், ஒரு வருஷமும் ஆகலாம். வராமலும் போகலாம். வாசனைதானே, கண்ணு காதுன்னா பயப்படணும்."

"நான் சமையல்காரி, சார்," என்றாள்.

பேனாவை மூடியிருந்தவர் அதை மறுபடி திறந்து, சீட்டில் ஒரு சத்து மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

கேன்டீனில் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. உப்பைக் கைப்பிடியால் அளந்தாள். வெங்காயத்தின் நிறத்தை வைத்துப் பதம் பார்த்தாள். எண்ணெயின் சத்தத்தைக் காதால் கேட்டு அடுப்பைக் குறைத்தாள். எல்லாவற்றையும் இப்படி ஒப்பேற்றிவிடலாம், மீனை மட்டும் முடியாது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி பூனைகள்.

அவை அவள் வளர்த்த பூனைகள் அல்ல. தாமாகவே வந்து வீட்டை எடுத்துக்கொண்டவை. மஞ்சள் தடியனுக்குத் துரை என்று பெயர், தட்டு வருகிற வரைக்கும் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். இன்னொன்று சாம்பல் நிறப் பெண். ஏதோ சண்டையில் ஒரு காதில் பாதியை இழந்ததால் அரைக்காதி. வீடு ஆலையின் பின்வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு துண்டு மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். பூனைகள் தின்றால் மீன் குண்டானுக்குப் போகும். அரைக்காதி முகத்தைத் திருப்பினால் பெட்டியோடு குப்பைக்கு.

காய் நறுக்குகிற அம்மாள் இதைக் கவனித்துவிட்டாள். ஊர் வம்பையெல்லாம் உரிமையோடு விசாரிப்பதால் அவளுக்குச் சம்பந்தி என்று பட்டப்பெயர். "என்ன, தினம் பத்து மணிக்கு வீட்டுக்கு ஓட்டம்? அடுப்புல அண்ணனை வேகவெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். மூக்கி சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு தொண்டையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை.

வீட்டில் சாப்பாடு தண்டனையாகிவிட்டது. சோறு ஈரப் பஞ்சு. முட்டை ரப்பர். நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தன. ஆனால் அவை முகம் இல்லாத ஆட்கள் மாதிரி வந்துபோயின. இரண்டு மாதத்தில் ரவிக்கை தோளில் தொங்கியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று ஒரு மத்தியானம் வந்தது. வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தவளுக்கு அதன் வாசனை எப்படி இருக்கும் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. நன்றாக இருக்கும் என்று மட்டும் தெரிந்தது. செத்துப்போனவரை நல்ல மனிதர் என்று சொல்கிறோமே, அப்படி.

அடுப்பை அணைத்தாள். தேதிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பால் கணக்குப் பென்சிலை எடுத்து, பின்பக்கத்தில் எழுதினாள்:

*வெங்காயம் எண்ணெயில் விழும்போது: கோபமாக உள்ளே வந்தவன். பிறகு உட்காருகிறான். பிறகு எல்லோருக்கும் பிடித்துப்போகிறது.*

அதன்பின் தினம் ஒரு தாள். ஞாபகத்தில் மிச்சமிருப்பதை எலி கொண்டுபோவதற்குள் மூட்டை கட்டுகிற அவசரம் அது.

*கெட்டுப்போன பால்: பொய் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்ட குழந்தை.*

*துரையின் நெற்றி: வெயிலில் காய்ந்த போர்வை. யாரோ இப்போதுதான் எழுந்துபோயிருக்கிறார்கள்.*

*சோறு கொதிக்கும் ஆவி: பசிக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.*

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அதற்கெல்லாம் கவிதை என்று ஒரு பெயர் உண்டு என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. தாள்களை ரொட்டி டப்பாவுக்குள் திணித்து மேல் தட்டில் வைத்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிகளில் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற, அதிகம் பேசாத மனுஷன். மனைவி உடைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே கை வைத்துத் தாங்குவது என்று தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். "உப்பு கொஞ்சம்... தூக்கலா இருக்கு. பரவாயில்ல."

அவள் அவர் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவை. "பரவாயில்லன்னு ஏன் சொல்றீங்க? திட்டுங்க! ஊர்ல எல்லாப் புருஷனும் திட்டற மாதிரி திட்டுங்களேன்!"

அவர் திட்டவில்லை. சுவரில் ஒட்டிய சோற்றைக் கையால் வழித்து எடுத்தார். அதற்காக அவரை அவள் இன்னும் வெறுத்தாள். பிறகு தன்னை வெறுத்தாள்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் அவசர வேலை என்று வெளியே போயிருந்தார். அவள் பூனைகளுக்கு மீனைத் தட்டில் வைத்துக் கூப்பிட்டாள். இரண்டும் பின்வாசலில் நின்றன. உள்ளே வரவில்லை. துரை தட்டைப் பார்த்தான், தலையைத் திருப்பிக்கொண்டான். அரைக்காதி தும்மிவிட்டு மதில்மேல் தாவிவிட்டாள்.

"உங்களுக்கும் என் சோறு கசக்குதா? போங்க, போய் எங்கேயாவது எலி பிடிச்சுத் தின்னுங்க," என்று கத்தினாள். அழுகை வந்தது. தேநீராவது போடலாம் என்று தீப்பெட்டியை எடுத்தாள். குச்சியை வெளியே எடுத்துவிட்டாள். அப்போது முன்கதவு திறந்தது. வாசலிலேயே கணவர் அலறினார்: "கேஸ்! உரசாதே! உரசாதே!"

அடுப்பின் ஒரு குமிழ் திறந்தே இருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவளுக்குத் தெரியாது. அவர் பாய்ந்து குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவளைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அவள் கையில் குச்சி அப்படியே இருந்தது. உரசியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், நல்லதாகப் போயிருக்கும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அவரிடமே சொன்னாள்.

அவர் அந்தக் குச்சியை வாங்கி ஒடித்துப் போட்டார். பிறகு, "நான் அப்போதான் கதவைத் திறந்தேன்ல," என்றார். "நானும்தான் போயிருப்பேன்."

மறுநாள் காலை அவள் அடுப்படிக்குப் போகவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். நான்கு மாதமாக மூக்கு இல்லை, மீனைப் பூனைக்குக் கொடுத்துத்தான் சோதித்தேன், நேற்று என் வீட்டில் நடந்தது இங்கே நடந்தால் இருநூற்று நாற்பது பேர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பூனைக்கா?" என்றார் மேனேஜர். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "நீங்களா வந்து சொன்னீங்க, அதனால வேலையை விட்டு அனுப்பல. ஆனா அடுப்புப் பக்கம் இனிமே வரக்கூடாது. தட்டு கழுவற இடத்துல ஆள் வேணும்."

பதினெட்டு வருஷ ராஜ்யம் ஒரே வாக்கியத்தில் போனது. புதுச் சமையல்காரர் வந்தார். தட்டுகளில் மீந்து வந்ததைப் பார்த்தே அவர் கைமணம் இன்னதென்று அவளுக்குத் தெரிந்தது. நிறைய மீந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சம்பந்தி மட்டும் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியருகே வந்து நின்று, "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் மோந்து பார்த்திருக்க மாட்டேனா? பூனையைவிட நான் மட்டமா?" என்று மூக்கைச் சிந்தினாள்.

வீட்டில் அவள் சாப்பிடுவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டாள். சமையலைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ரொட்டி வைக்க டப்பாவைத் தேடியபோதுதான் தாள்கள் அவர் கையில் சிக்கின. நின்ற இடத்திலேயே அறுபது எழுபது தாள்களையும் படித்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, லிஃப்ட் பழுது அறிக்கை வாசிப்பது போலக் கரகரத்த குரலில் வாசித்தார்.

"சோறு கொதிக்கும் ஆவி. பசிக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற குரல்."

அவள் வெட்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காரு. ஒரு வாய் தின்னு. திரும்ப வாசிக்கிறேன்."

தின்றாள். வாசனை வரவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாய் உள்ளே இறங்கியது. அதன்பிறகு தட்டில் என்ன இருக்கிறதோ அதற்குரிய தாளை அவர் தேடி எடுத்து வாசிப்பார், அவள் விழுங்குவாள். சில நாள் மூன்று வாய், சில நாள் ஐந்து. சில நாள் பாதி வரியிலேயே, "நிறுத்துங்க. இதெல்லாம் நிஜமா இப்படித்தான் இருந்துச்சா, நானா இட்டுக்கட்டினேனான்னே தெரியல," என்று முகத்தை மூடிக்கொள்வாள். அவரோ இத்தனை வருஷம் சாப்பிட்டாரே தவிர, ஒன்றையும் நின்று முகர்ந்து பார்த்ததில்லை.

அந்த வருஷக் கடைசியில் அரைக்காதி அவர்கள் துணி அலமாரிக்குள் மூன்று குட்டி போட்டாள். மூக்கி அன்று வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய், மூன்றில் நோஞ்சானாக இருந்ததைக் கையில் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். வெகுநாள் கழித்து அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கணவர் கதவோரமே நின்றுவிட்டார்.

குட்டியைத் திரும்ப வைத்தபோது அரைக்காதி அதை முகர்ந்தாள். பின்வாங்கினாள். காலால் தள்ளினாள். மடியிலிருந்து விலக்கி விலக்கி வைத்தாள். மூக்கி பஞ்சில் பாலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை குட்டி அசையவில்லை.

"ஏன் அதை மட்டும் சேர்த்துக்கல?" என்று கேட்டாள்.

அவர் சொல்ல விரும்பவில்லை. அவள் விடவில்லை.

"உன் கையில... பாத்திரம் கழுவற பவுடர் நாத்தம். ரொம்ப. தினமும்தான் வருது. நீ வருத்தப்படுவேன்னு நான் சொல்லல." உடனே அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதனாலதான்னு யாருக்குத் தெரியும்? நோஞ்சானைத் தாயே ஒதுக்கறதும் உண்டு."

அவள் தன் இரண்டு கைகளையும் முகத்தருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. தன் கையிலேயே இருந்தது, தனக்குத் தெரியவில்லை. தரையில் அப்படியே சரிந்து, வாய்விட்டு, கேட்பவர் யார் என்ற நினைப்பில்லாமல் அழுதாள். பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

கொல்லையில் குழி தோண்டியது கணவர்தான். குட்டியைத் துணியில் சுற்றுவதற்கு முன் அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோந்து பாருங்க."

"என்னது?"

"இதோட வாசனை எனக்குத் தெரியாதுங்க. எழுதி வெக்க எங்கிட்ட ஞாபகமே இல்ல. நீங்க சொல்லுங்க."

அவர் மண்டியிட்டார். சாவின் வாடை இன்னும் ஏறியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குட்டியின் உச்சியில் மூக்கை வைத்தார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? அது ஒரு பதிலா?"

மறுபடி முகர்ந்தார். அவர் நெற்றி சுருங்கியது. பழுது எங்கே என்று இருட்டில் தடவிப் பார்க்கிறவர் முகம் அது.

"பால் மாதிரி. இல்ல, பாலும் இல்ல. மழை வரப்போவுதுன்னு நாம கொடியிலிருந்து துணியை அவசரமா உருவுவோமே... அந்தத் துணி. முழுசாக் காயாதது."

அவள் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, கொல்லைப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினாள். அழுத்தியதில் பென்சில் முனை ஒடிந்தது. அவர் அதை வாங்கி அரிவாள்மனையில் சீவிக் கொடுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். "மெதுவா."