துள்ளாத மீற்றர் முள்

அப்பாவின் காருக்கு ஓடத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தால் மட்டும் குளிர்காய்ச்சல் பிடித்த ஆளைப்போல உடம்பெல்லாம் நடுங்கும், இரண்டு மூன்று முறை இருமும், பிறகு அடங்கிப்போகும். தேற்றாத்தீவில் எங்கள் வீட்டு வளவுக்குள் அது அப்படி நடுங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். வாடகைக்கு ஓடி அதில்தான் எங்கள் சோறு என்பதால் அப்பா சிரிக்க மாட்டார்.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு காருக்கு வரவே கூடாத வியாதி அது. எங்கே போவதென்றாலும் ஒரு இராணுவச் சென்றியைத் தாண்ட வேண்டும். காவலரணுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வரிசையில் நின்று, கை காட்டினால் மெல்ல நகர வேண்டும். ஒருநாள் சரியாகத் தடைக்கு முன்னால் போய் கார் நின்றுவிட்டது. சிப்பாய்கள் ஓடிவந்து சூழ்ந்து, அப்பாவைத் தார் ரோட்டில் முழங்காலில் இருத்தி, ஆசனங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடிபோலச் சொன்னார். வெயிலில் கொதித்த தார் முழங்காலில் ஒட்டியதைக் காட்டி, "காற்சட்டைக்கு ஒட்டுப்போடத் தேவையில்ல" என்றார். அம்மா சிரிக்கவில்லை. எண்ணெய் போட்டுத் தாரைத் தேய்த்து எடுத்தபடி அவரோடு மெதுவாக என்னவோ கதைத்துக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கராஜில் வேலை செய்த சின்னமாமா, அம்மாவின் ஒரே தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து காரைப் பார்த்தார். பிளக்குகளை மாற்றினார். காற்றுப் போகும் வழியையெல்லாம் கழுவினார். நடுக்கம் போகவில்லை. அக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி உண்டு, சென்சர் என்று பெயர், அதில்தான் பிழை என்று முடிவுசெய்தார். புதிது கொழும்பிலிருந்து வர வேண்டும்.

"அதுவரைக்கும் ஓடலாம் அத்தான், பயமில்ல" என்றார்.

சென்சர் வருவதற்கு முன்னால் அப்பா போய்விட்டார். உன்னிச்சைப் பக்கம் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, வெறுங்காரோடு திரும்பி வந்தவரைப் பாலத்தடிச் சென்றியில் சுட்டுவிட்டார்கள். நிற்கச் சொல்லிக் கை காட்டியும் கார் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு தடையை நோக்கி வந்தது, அதனால் சுட்டோம் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர், செத்தவீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போகிற வழியில், "நிற்கிறவன் எதுக்கு உறுமவிட்டவன்?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அம்மாவின் காதில் அது விழாமல் இருக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காரை ஒரு ட்ரக்ரரில் கட்டி இழுத்துவந்து வளவுக்குள் விட்டார்கள். முன் கண்ணாடி இல்லை. சாரதி ஆசனத்தின்மேல் யாரோ ஒரு சாக்கை விரித்திருந்தார்கள். அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்கக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது.

அம்மா சின்னமாமாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து காரைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார்.

"தம்பி, அந்த சென்சர் பிழையெண்டா கார் தன்பாட்டில இரையுமா?" அம்மா கேட்டார்.

"இரையும் அக்கா. மிதிக்காமலே மிதிச்சமாதிரி எஞ்சின் நினைச்சிரும்."

"அப்ப அதைப் பார்த்துச் சொல்லு."

"இனி அதப் பார்த்து என்ன அக்கா?"

அம்மா மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முழங்காலில நிண்டிட்டு வந்த அண்டைக்கு நான்தான் அவருக்குச் சொன்னன். சென்றியடியில காலை எடுக்காதீங்க, பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு மற்றதை மெல்ல மிதிச்சுக்கொண்டே இருங்க, அப்ப நிண்டுபோகாது எண்டு. நான் சொன்னதைக் கேட்டுத்தான் மிதிச்சாரோ எண்டு எனக்குத் தெரியோணும்."

சின்னமாமா பையிலிருந்து மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்தார். முள் உள்ள பழைய மீற்றர். எஞ்சினை மூடியிருந்த பொனற்றைத் திறந்து, சென்சரின் வயருக்குள் ஊசியைச் செருகி, மீற்றரை அதில் பொருத்தினார். நான் பக்கத்தில் போய் நின்று, என்ன செய்கிறார் என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

"அம்மா மிதிக்க மிதிக்க முள்ளு மெல்ல மெல்ல ஏறோணும். சென்சர் பிழையெண்டா ஏறுற வழியில துள்ளும். இல்லாட்டி ஒரேயடியா விழும்."

காரை ஓட்டிப் பழகாத அம்மா, அந்தச் சாக்கின்மேல் ஏறி இருந்தார். எஞ்சினைக் கிளப்பாமல் திறப்பை மட்டும் திருப்பச் சொன்னார் மாமா. எது அக்சிலேற்றர் என்று கையால் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, "இப்ப மிதிங்க அக்கா. மெல்ல" என்றார்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது துள்ளப்போவதைக் காண எனக்கு ஆசையாக இருந்தது. முள் துள்ளவில்லை. வாவியில் தோணி நகர்வதுபோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய், அம்மா காலைத் தளர்த்தியதும் அப்படியே திரும்பி வந்தது. மாமா இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னார். மறுபடியும் ஒரு சிலுப்பும் இல்லை. திருப்புளிப் பிடியால் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தட்டிக்கொண்டே மூன்றாம் முறையும் பார்த்தார். முள் அமைதியாக ஏறி, அமைதியாக இறங்கியது.

மாமா மீற்றரை என் கண்ணில் படாமல் தன் நெஞ்சுப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முள்ளு துள்ளுது அக்கா. சென்சர்தான் பிழை. கார் தன்பாட்டில இரைஞ்சிருக்கு. அத்தான் மிதிக்கல்ல."

அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. திறந்து நின்ற பொனற்றுக்குப் பின்னால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அப்ப, ஓடலாம் பயமில்ல எண்டு ஏன்டா சொன்னாய்?"

மாமா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாமப் போச்சு அக்கா."

"இனி இந்த வளவுக்குள்ள வராத தம்பி." அம்மா கத்திச் சொல்லவில்லை. இறங்கி, சீலையை உதறிச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மாமா போகவில்லை. காரை ஸ்ராட் செய்தார். அது பழையபடி நடுங்கத் தொடங்கியது. காதைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டுக் கண் தெரியாதவர்போலத் தடவித் தடவிப் போனார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. அந்தக் கணமே காரின் நடுக்கமும் நின்றது. விரலை எடுத்தார், நடுங்கியது. வைத்தார், அடங்கியது. சுண்டுவிரல் பருமனில் ஒரு றப்பர் குழாய். அதன் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகத்தால் கீறியதுபோல ஒரு வெடிப்பு. அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயை இழுத்து மாட்டினார். அவ்வளவுதான் வேலை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் நடுங்காமல் நின்றது. அது அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. மாமா முன் சில்லில் சாய்ந்து மணலில் குந்தியிருந்து, கறுத்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கார் சரியாகிவிட்ட நல்ல செய்தியைச் சொல்ல நான் உள்ளே ஓடினேன். அம்மா சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்தார். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருடம் மாமா கட்டாருக்கு வேலைக்குப் போனார். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் தொலைபேசி எடுப்பார். அம்மா "மாமா கதைக்கிறார்" என்று என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். இன்றுவரை அம்மாவின் கணக்கில் கார் தன்பாட்டில் இரைந்தது, அதை ஓடவிட்ட தம்பிதான் குற்றவாளி. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் என்னை வளர்த்தார், படிப்பித்தார், கட்டிக்கொடுத்தார். தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் அப்பா போனார் என்று நம்பியிருந்தால் அம்மா எழும்பியிருக்க மாட்டார். அது மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குழாயைக் கண்டுபிடித்தபோது, முதல் நாளே அதைக் கண்டிருந்தால் அப்பாவுக்கு மிதிக்கவே தேவை வந்திருக்காது, அக்காவுக்காகச் சுமந்த பழி தனக்கே உரியதுதான் என்பதும் தெரிந்திருக்கும். நானே கார் ஓட்டிப் பழகிய பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

ஆனால் அன்று முள்ளைப் பற்றி நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. மாமாவுக்கு மீற்றர் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அதை அம்மாவுக்கு முன்னால் சொன்னால் அவருக்கு வெட்கமாகப் போய்விடுமே என்று, பாவம் பார்த்து, பேசாமல் இருந்தேன்.