முகம் போடாத படம்

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாணக் கார்டு கொடுத்தால்கூட, முதலில் எழுத்துப் பிழை தேடிவிட்டுத்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது வாய் வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் நாள்கணக்கில் கொட்டிய மழையில் மலை சரிந்து அக்காவின் லயத்து வீட்டின் மேல் விழுந்தது. தண்ணீர் பிடிக்க வெளியே வந்திருந்ததால் அக்கா தப்பினாள். உள்ளே இருந்த மகள் தப்பவில்லை. பதினைந்து வயது. வீட்டில் என்னைச் 'சித்தி' என்றும் பாடசாலையில் 'டீச்சர்' என்றும், ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லாத பிள்ளை.

மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். குழியில் இறக்குமுன் "மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று யாரும் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அக்கா மட்டும் அழவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

வீடிழந்தவர்களுக்கு எங்கள் பாடசாலையே முகாமாகியிருந்தது. பதுளையிலிருந்து மனநல டொக்டர் ஒருவர் தாளும் பெஸ்டல் கலர்க்குச்சிகளும் எடுத்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. விரும்பியவர்கள் வந்து வரையலாம் என்றார். உதவிக்கு என்னைக் கூப்பிட்டு, முதலிலேயே சொல்லிவிட்டார்.

"என்ன கீறினம் எண்டு கேக்காதேங்கோ. வடிவா இருக்கெண்டும் சொல்லாதேங்கோ. திருத்தவே திருத்தாதேங்கோ."

நல்லாயிருக்கென்றுகூடச் சொல்லக் கூடாதென்றால் நான் எதற்கு, மேசைக்குக் காவலா என்று நினைத்தேன். என் முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஒப்பாரி சொல்லி அழுறவையை, ராகம் பிழையெண்டு ஆரும் திருத்துவினமோ, டீச்சர்? இதுவும் அப்பிடித்தான். படம் முக்கியமில்லை, கீறுற நேரந்தான் முக்கியம். நாங்கள் பக்கத்தில இருந்தாலே காணும்."

எல்லாம் விளங்கியது போலத் தலையாட்டினேன்.

முதல் நாள் அக்கா தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் ஒரு பிள்ளையை வரையத் தொடங்கினாள். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ரிப்பன், சப்பாத்து, சப்பாத்தின் கயிறுகூட. அதே தாளில் மூன்று நாள் வரைந்தாள். முகம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே கை போகும், தொடாமல் திரும்பும். மூன்றாம் நாள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டொக்டர் தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டே வரவில்லை.

என்னால்தான் பொறுக்க முடியவில்லை. "மொகம் போடலையேக்கா" என்றேன். அவள் கையிலிருந்த பெஸ்டலை வாங்கி, சின்ன வகுப்புக்குக் கரும்பலகையில் போடுகிற மாதிரி இரண்டு கண், ஒரு மூக்கு, சிரிக்கிற வாய் என்று போட்டுவிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

அது எங்கள் பிள்ளையின் முகமில்லை. யாருடைய முகமுமில்லை. அக்கா நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினாள். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள். போன கிழமை பதுளையில் புதுப் பெஸ்டல் பெட்டியும் தாளும் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"வரைக்கா. நான் பக்கத்துலயே வரமாட்டேன். ஒண்ணுமே சொல்லமாட்டேன்." கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் பேசினாள். மாதக்கணக்கில் நான் கேட்காத குரல், கரகரத்து வந்தது.

"வேணாம். அவ மொகம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நீ போட்டதுதான் வருது."