சுத்தியலை நம்பிய ஸ்மரந்தா

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், பல்கலைக்கழகக் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். ஸ்மரந்தா வ்லாய்க்குவை அவள் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். பகலில் பாடம், மாலையில் ஆராய்ச்சி. கல்யாணம், சினிமா எதற்கும் நேரம் கிடையாது. கண்ணெல்லாம் பேராசிரியர் நாற்காலி மேல்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு சூத்திரம். நிலநடுக்கத்தில் அடிபட்ட பழைய அடுக்குமாடிகளில் தூணைத் துளைத்து மாதிரி எடுக்கக் குடியிருப்பவர்கள் விடமாட்டார்கள். "தரையெல்லாம் பாழாகும், போங்கய்யா!" என்று கதவைச் சாத்துவார்கள். அதனால் உள்ளே சுருள்வில் வைத்த சுத்தியலால் தூணைத் தட்டி, அது எவ்வளவு எகிறித் திரும்புகிறது என்பதை அளந்தே கான்கிரீட்டின் பலத்தைக் கணித்தாள். அதை வைத்து ஒன்பது கட்டடங்கள் நகராட்சியின் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கின. சுத்தியலைப் பிடித்தது நான்தான்.

பேராசிரியர் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, அந்த ஒன்பதில் ஒன்றின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைக்க வந்தவர் தூணைத் துளைக்கச் சம்மதித்தார். மாதிரியை நசுக்கிப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தேன். சூத்திரம் சொன்ன பாரத்தில் பாதிக்கே நொறுங்கிவிட்டது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே.

ஸ்மரந்தா துண்டுகளை எடுத்துப் பார்த்தாள்.

"கொர்னெல் அண்ணே, மேல்தோல் மட்டும்தான் இறுகியிருக்கு. காத்து பட்டுப் பட்டு, பழைய ரொட்டி மாதிரி. உள்ள பொடிப்பொடியா உதிருது. தோலைத் தட்டிட்டு உள்ளயும் அப்படித்தான்னு எழுதிட்டேனே!"

துறைத்தலைவர் மனோலாகே எங்கள் இருவரையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "மூணே வாரம்மா. வாயை மூடிட்டு இரு. நாற்காலியில உக்காந்தப்புறம் திருத்தம் எழுது, யாரு வேணாங்கறா?"

"அதுக்குள்ள பூமி ஆடினா சார்?"

"இத்தனை வருஷம் பெரிசா ஆடாதது, இந்த மூணு வாரத்துலதான் ஆடப்போகுதாக்கும்!"

அந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல வந்தது. ஆனால், அவர் சொன்னதை அவள் கேட்டுவிடமாட்டாளா என்று நானும்தான் உள்ளுக்குள் ஏங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே அவள் நகராட்சிக்குக் கடிதம் எழுதினாள். சூத்திரத்தை வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையையும் திரும்பப் பெற்றாள். நாற்காலி க்ளுஜ் நகரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. சாப்பாட்டுக்கூடத்தில் அவள் மேசைப்பக்கம் ஒருத்தர்கூட வரவில்லை. "அறிவிருந்தா முதல்லயே துளைச்சிருக்கணும்" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

கடிதம் போதாதென்று ஒன்பது கட்டடங்களுக்கும் நேரில் கிளம்பினாள். நானும் போனேன். நான்காவது கட்டடத்தில் கதவைத் திறந்த நிகிஃபோர் கிழவர் அவளை அடையாளம் கண்டு, "வாங்க இன்ஜினியரம்மா, காப்பி போடறேன்" என்றார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கோபப்படவே இல்லை. "பயமில்லாம தூங்குங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அதை நம்பித்தான் பொண்ணை வரவழைச்சேன். அவ ஊர்ல இருந்த வீட்டை வித்துட்டுக் கைக்குழந்தையோட வந்துட்டா."

சுவரோரம் தூணை ஒட்டித் தொட்டில் இருந்தது. கிழவர் அதன் ஒரு முனையைப் பிடித்தார்.

"தூக்குங்கம்மா. எந்தப் பக்கம் போடலாம்?"

ஸ்மரந்தா மறுமுனையைப் பிடித்தாள். அறையைச் சுற்றிலும் பார்த்தாள்.

"இந்த வீட்டுல எந்தப் பக்கமும் வேணாம் ஐயா" என்று சொல்லிவிட்டு, தொட்டிலை விடாமலே அழுதாள்.