என் எடைக்கு ஒரு ஆள்

சென்னை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக, யூடியூப் பார்த்து என் பழைய காரின் சஸ்பென்ஷனை நானே மாற்றிக்கொண்டிருந்தேன். சக்கரங்களின் கோணத்தை அளக்கும்போது ஓட்டுநர் சீட்டில் என் எடைக்கு யாராவது உட்கார வேண்டும். நெய்வேலியில் பக்கத்து குவார்ட்டர்ஸ் முருகேசண்ணன் என் எடைதான். கூப்பிட்டேன்.

"ஸ்டியரிங்கைத் தொட்டுடாதீங்கண்ணே, அளவு போயிடும்."

ஒரு மணி நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நூல் கட்டி அளந்து, நட்டுகளை முறுக்கி முடித்தேன். "போதும், எறங்குங்க" என்றேன்.

அவர் இறங்கவில்லை. "தம்பி, ஒரே ஒரு தபா ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாத்துக்கினு எறங்கிடட்டா?"

அப்போதுதான் உறைத்தது. சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டியவர் அவர். வலிப்பு வந்தபின் இனி எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரை மூட்டை மாதிரி உட்கார வைத்திருந்தேன்.

"திருப்புங்கண்ணே."

கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினார். சக்கரம் இடித்து நூல் அறுந்தது; சரிபார்க்க வைத்திருந்த அளவெல்லாம் போயிற்று.

மறுநாள் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. என் எடைக்கு வீட்டில் அரிசி மூட்டைகள் இருந்தன. அண்ணனைத்தான் கூப்பிட்டேன்.

"அளக்கிறதுக்கு முன்னாடி ஆசை தீரத் திருப்பிக்குங்கண்ணே" என்றேன்.