தையல் புத்தகம்

குஞ்சம்மாள் டீச்சர் எங்கள் ஊரை விட்டுப் போனது 1974ஆம் ஆண்டு ஆடி முதல் வெள்ளிக்கிழமை. ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். டீச்சர் மட்டும் ஒரு தகரப் பெட்டியும் பாயும் குடமுமாக அரியலூர் பஸ்ஸுக்கு நின்றார். அன்று அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வழியனுப்ப வராததற்குக் காரணம் சொல்ல எல்லோருக்கும் அது வசதியாகப் போயிற்று.

செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் தையல் ஆசிரியை. ஏலாக்குறிச்சிப் பக்கம், நிலமில்லாத கூலி வீட்டுப் பெண். பள்ளி நூலகம் என்பது இரண்டு இரும்பு பீரோ. புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அதன் சாவி யாருக்கும் வேண்டாததாகக் கை மாறி, கடைசியாக வேலைக்கு வந்த தையல் டீச்சரிடம் நின்றது. மற்றவர்கள் பூட்டியே வைத்திருந்தார்கள். இவர் திறந்தார்.

உள்ளே இருந்தவை தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, உர விளக்கம், நீதிக் கதைகள், கோழி வளர்ப்பு. கோழி வளர்ப்பைத் தவிர எதையும் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டது வேறு. சின்ன வகுப்புகளுக்கு மந்திரவாதியும் பேயும் வேண்டும். பையன்களுக்குத் துப்பறியும் கதை, அதிலும் முதல் பக்கத்திலேயே கொலை விழுந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் குடும்பக் கதை. மாமியார் கெட்டவளாக இருந்தால் இன்னும் நல்லது.

இவை எல்லாம் வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்துகொண்டிருந்தன. டீச்சர் செந்துறை சலூனிலும் அரியலூரில் ஒரு டாக்டர் வீட்டிலும் பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வருவார். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வாரவாரியாக அடுக்கி, காலண்டர் அட்டை வைத்து, தையல் வகுப்பில் மிஞ்சிய நூலால் தைத்துவிடுவார். சலூன் கதைகளில் பவுடர் வாசம் வரும். நடுவில் யாருடைய முடியாவது கிடக்கும். ஒரு வாரப் பத்திரிகை கிடைக்காவிட்டால் கதை அந்த வாரத்தைத் தாண்டிப் போய்விடும்; இடையில் என்ன நடந்திருக்கும் என்று மதியச் சாப்பாட்டில் சண்டை நடக்கும். அரசாங்கப் புத்தகத்திலிருந்து பிரித்துச் சொல்ல நாங்கள் இவற்றுக்கு வைத்த பெயர் தையல் புத்தகம்.

எட்டாவது படித்த ராசாங்கம் தினமும் வந்து நிற்பான்.

"டீச்சர், தையல் புத்தகம்."

"எதுடா?"

"பேய் வர்றது."

"நேத்து தூக்கத்துல அலறுனியாமே, உங்கம்மா சொல்லிச்சு."

"அது பேய்க்கு இல்ல டீச்சர். கனவுல கணக்கு சார் வந்துட்டாரு."

பத்தாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கமலவேணி. ஊரில் பாதிப் புஞ்சை அவள் அப்பா கண்ணையனுடையது. அவளைப்போல் தையல் புத்தகம் படித்தவர் பள்ளியில் யாரும் இல்லை. பதினொன்றாவது முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வீட்டில், கையில் என்ன என்று கண்ணையன் கேட்டால் "தையல் புத்தகம்ப்பா" என்பாள். அது பொய்யில்லை. தையல் தெரிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை சீக்கிரம் கிடைக்கும் என்று அவருக்கும் மகிழ்ச்சி.

அந்த ஆனியில் உடையார்பாளையத்திலிருந்து கமலவேணியைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத் தட்டு எடுத்துவைக்க நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை, பொண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள்.

"தையல்லாம் புத்தகம் வச்சே கத்துக்குது," என்றார் கண்ணையன். "எடுத்தாந்து அத்தைகிட்டக் காட்டும்மா."

கமலவேணி அசையவில்லை. வெட்கம் என்று நினைத்து அவரே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியும். நடுவில் பிரித்து உரக்கப் படித்தாள்: "எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி உங்கள் வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம் என்று கணவனிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்."

பிறகு புத்தகத்தை மூடி, "இது எந்தத் துணிக்கு அளவுண்ணே?" என்று கேட்டாள்.

அவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்தார்கள்.

மறுநாள் கண்ணையன் பள்ளி வராந்தாவில் நின்று எல்லா வகுப்புக்கும் கேட்கும்படி கத்தினார். "களத்துல சிந்துன நெல்லப் பொறுக்குன கூட்டம், எம்பொண்ணுக்கு வூட்ட வுட்டு ஓடச் சொல்லிக் குடுக்குதா?" ஆசிரியர்களில் ஒருவரும் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை.

ஹெட்மாஸ்டர் நடராசன் அதன்பின் அறைக்குள் பேசியதை டீச்சர் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

"பொண்ணே வெளியிலேருந்து கொண்டாந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் வராது."

"அப்படிச் சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்களே சார்."

"நீங்க இங்க இருக்கற வரைக்கும் பொண்ண அனுப்ப மாட்டேங்கறாரு கண்ணையன்."

"நான் போயிட்டா அனுப்புவாரா?"

"அனுப்புவாரு. வார்த்த குடுத்திருக்காரு."

டீச்சர் தானே மாறுதல் கேட்டார். கேட்ட மாறுதல் அவ்வளவு சீக்கிரம் கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வேப்பந்தட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பள்ளி.

கண்ணையன் வார்த்தை கொடுத்தாரா, அவர் சார்பில் ஹெட்மாஸ்டரே கொடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. கமலவேணி பள்ளிக்குத் திரும்பவில்லை. ஆவணி முடியும்வரை பெஞ்சில் அவள் இடத்தை விட்டு உட்கார்ந்தேன். பிறகு என் பையை அங்கே வைத்தேன். தை மாதம் அவளை மேற்கே ஒரு வெங்காயக் காட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தையல் புத்தகங்கள் எடைக்குப் போயின. பஸ் ஸ்டாண்டில் கடலை மடித்துத் தந்த காகிதத்தின் ஓரத்தில் ஊசித் துளைகள் இருந்தன. பீரோக்கள் மறுபடி பூட்டப்பட்டன. அடுத்த ஆண்டு பார்வைக்கு வந்த அதிகாரி, புத்தகங்கள் கசங்காமல் இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் படிப்பு முடிந்ததும் வடக்கே போனேன். நாக்பூர், கவுஹாத்தி, பம்பாய் என்று எந்த ஊரிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு 1987இல் திரும்பினேன். வந்த பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. ஜூன் கடைசியில் டீச்சரைத் தேடி வேப்பந்தட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த மலையடிவாரப் பள்ளியிலும் நூலகம் அவர் தலையில்தான். கண்ணாடி போட்டிருந்தார். மேஜையில் மாத நாவல்கள் கிடந்தன; இப்போது பிள்ளைகள் கேட்பது அவைதானாம். கிழிந்ததைத் தைத்துக்கொண்டே பேசினார்.

"ஒருதரம் ஹெட்மாஸ்டருக்குக் கார்டு போட்டேன். பொண்ணு நல்லாருக்குன்னு எழுதுனாரு. எங்கேயோ டீச்சரா இருக்கும்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். போன வாரம் வரைக்கும்."

போன வாரம் ஆறாவதில் மகளைச் சேர்க்க ஒருவர் வந்திருக்கிறார். வேட்டி சட்டை, மரியாதையான ஆள். சேர்த்து முடித்துவிட்டு, தையல் டீச்சர் யாரென்று விசாரித்து நூலகத்துக்கு வந்தாராம்.

"எங்க வூட்டுல உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சுங்க. பாப்பாவ லைப்ரரிக்கு மட்டும் அனுப்ப வேணாமாம். அந்த நேரத்துல கணக்குப் போடட்டுங்குது. கதை படிச்சுத்தான் எம் படிப்பு பாதியில நின்னுச்சு, இவளாச்சும் முடிக்கட்டுங்குது."

மனைவியின் ஊரையும் மாமனார் பேரையும் டீச்சர் கேட்டார். அவர் எங்கள் ஊரையும் கண்ணையன் பேரையும் சொன்னார்.

"நான் இங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுங்க. உங்க பேரச் சொல்லித்தான் சொல்லிவுட்டுச்சு."