பெண் அழைப்புக்கு ஒரு டார்க் கன்வர்ட்டர்

என் இடது முழங்கால் உப்பு மூட்டைக்கு அடியில் சிக்கிய நாளிலிருந்து என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது. மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்கிறவனுக்கு இது பெரிய குறை. இடையஞ்சாவடியில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய ஆட்டோமேட்டிக் காரை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்தார். என்னைவிடப் பொருத்தமான தலை அவருக்குக் கிடைக்கவில்லை. கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. உப்புக்காற்று வேறு அதன் அடிப்பாகத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் நான் ஓட்டக்கூடிய ஒரே கார் அதுதான்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் அது நகர மறுத்தது. பெண் அழைப்புக்குக் கோயிலிலிருந்து மண்டபம் வரை அந்தக் காரில்தான் வருவேன், அப்பாதான் ஓட்ட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். நானும் அதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். வேறு கார் என்றால் வேறு எவனோ ஓட்டுவான். நான் தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். நினைத்தாலே எரிச்சலாக இருந்தது.

பெரிய முதலியார்சாவடியில் பழைய கார் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். டார்க் கன்வர்ட்டர் போய்விட்டது என்றார். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும், எண்ணெய் நிறைந்த உருண்டை அது. கிளட்சின் வேலையை எண்ணெயை வைத்தே செய்துவிடும். பழையதையே அறுத்துச் சரிசெய்யலாம், இல்லை புதிதாக ஒன்றை வரவழைக்கலாம்.

"வண்டிய எதுக்குங்க ஓட்டப் போறீங்க? அதச் சொன்னாத்தான் எதப் போடறதுன்னு பாக்க முடியும்."

கல்யாண ஊர்வலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆம்பளை ஒருவன் காரைப் பற்றி இன்னொரு ஆம்பளையிடம் பேசும்போது சொல்லக்கூடிய பதிலா அது?

"ஈசிஆர்ல ஒரு அழுத்து அழுத்துனா பறக்கணும்" என்றேன்.

"அப்போ புதுசுல வேகத்துக்குன்னே ஒண்ணு இருக்குதுங்க. ஆனா ஆக்சிலேட்டர நல்லா மிதிச்சாத்தான் புடிக்கும். மெதுவா உருட்டுனீங்கன்னா எண்ணெய் சூடாயிடும். சிக்னல்ல நின்னு நின்னு போறதுக்கு லாயக்கில்ல."

"மரக்காணத்துல ஏதுங்க சிக்னல்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மாட்டிய அன்றே ஓர் அரசுப் பேருந்தை முந்தினேன். கல்யாணம் வரை அந்தப் பெருமையிலேயே காலம் தள்ளினேன்.

பெண் அழைப்பில் கார் மேளக்காரர்களுக்குப் பின்னால் போக வேண்டும். அவர்கள் பத்தடி நடப்பார்கள், நின்று ஒரு பாட்டு வாசிப்பார்கள், மறுபடி பத்தடி. எத்தனையோ ஊர்வலங்களில் நடந்திருக்கிறேன். ஒன்றுகூட அந்தப் பட்டறையில் நினைவுக்கு வரவில்லை. பிரேக்கை விட்டால் கார் நகரவில்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டால் உறுமிக்கொண்டு பாய்ந்தது. தவில்காரர், "சார், மேல ஏத்திடாதீங்க சார்!" என்று வாசிப்பை விட்டுவிட்டு ஒதுங்கினார். பாதி வழியில் எண்ணெய் தீய்ந்த நாற்றம், அப்புறம் புகை. கார் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்தார். "எங்க வண்டி இருக்குதுங்க. பொண்ண அதுல ஏத்திடலாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து மகள், "நான் எறங்க மாட்டேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த உப்பளத்து ஆட்கள் ஆறு பேர், புது வேட்டியை மடித்துக் கட்டினார்கள். "நியூட்ரல்ல போடுங்கணா" என்றார் ஒருவர். மேளம் நடந்தால் தள்ளினார்கள், நின்றால் நிறுத்தினார்கள். அத்தனை அருமையான ஊர்வல வேகத்தை எந்தக் கன்வர்ட்டரும் தந்திருக்காது. ஏன் தள்ளுகிறீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "எங்க ஊரு பழக்கங்க" என்று பதில் போனது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.

"அப்பா, வந்துட்டோம்" என்றாள் மகள்.

அது எனக்கும் தெரிந்தது. மண்டபத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.