ஏணிக்காரியின் இன்சோல்

என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருடமாக ஒரே செருப்புக் கடையில் வேலை. தெருவில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "ஏழாம் நம்பர் போறாரு" என்பாள். திரும்பிப் பார்த்தால் எங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருக்கும்.

கடையில் சுவரோடு உருண்டு ஓடும் ஏணி ஒன்று உண்டு. உச்சித் தட்டுப் பெட்டிகளை ஏறி எடுப்பது அக்காதான், வேறு யாரும் அதைத் தொட முடியாது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலால் அலமாரியை உந்தி, ஏணியோடு அடுத்த அலமாரிக்குச் சறுக்கிப் போவாள். செருப்பு வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து வாய் பிளந்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் வேலைக்குப் போனாள் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஆறு மாதம் முன்பு அவளுக்குத் தள்ளாட்டம் வந்தது. எப்போதும் இடது பக்கமாகவே சாய்ந்தாள். கூட நடந்தால் என்மேல் வந்து இடிப்பாள், இடித்துவிட்டு, "ஓரமா நடடா!" என்று என்னையே திட்டுவாள். ஒருநாள் ஏணியின் இரண்டாம் படியில் கால் பிசகி, குழந்தைகள் ஷூ அடுக்கின்மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்பு வலியால் நான்கைந்து மாதமாக நாற்காலியை விட்டு எழாத முதலாளி, அன்று பார்த்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்க்கா. அப்பவும் ஆடினீங்கன்னா ஏணி வேண்டாம். என் பக்கத்துல உக்காந்து பில் போடுங்க."

வீட்டுக்கு வந்து அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பில் போடவாடா நான் பொறந்தேன்?" என்று கேட்டாள்.

காது டாக்டர், கண் டாக்டர், பிரஷர் பார்க்கும் டாக்டர் என்று ஒருவர் விடாமல் போனோம். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல், "வயசாச்சும்மா" என்றார்கள். "என் வயசு எனக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு படிப்பு!" என்று அக்கா மூன்று வாசலிலும் பொரிந்து தள்ளினாள்.

நாலாவதாக ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். அவள் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். அக்கா ஒவ்வொரு காலிலும் பத்து எண்ணும்வரை நின்றாள்.

"இப்ப ஷூ போட்டுட்டு நில்லுங்கம்மா."

வலது காலில் நின்றாள். இரண்டு எண்ணுவதற்குள் அந்தப் பெண்ணின் தோளில் தொங்கினாள்.

"வெறுங்கால்ல நல்லா நிக்கறீங்க, ஷூ போட்டா விழறீங்க. அதக் கழட்டிக் குடுங்க."

அக்கா கழற்றிக் கொடுத்ததும், உள்ளே கிடந்த மெத்தை அட்டைகளை, அதுதான் இன்சோல்களை, அந்தப் பெண் உருவி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்த்தோம். இரண்டும் இடது கால்!

விஷயம் இதுதான். கண்ணாடிக்குள் பார்வைக்கு வைக்கக் கம்பெனி அனுப்புவது இடது ஷூ மட்டும். வெயிலில் வெளுத்ததும் ஷூவைத் தூக்கிப் போடுவார்கள், உள்ளே இன்சோல் புத்தம்புதிதாக இருக்கும். அதை உருவிப் போட்டுக்கொள்வது கடையில் எல்லோருக்கும் பழக்கம். வலது காலுக்கும் ஒரு இடதை ஓரம் கத்தரித்துத் திணித்துக்கொள்வார்கள். அட்டை தட்டையாக இருந்தவரை வம்பில்லை. ஆறு மாதமாக வரும் புது மாடலில் உள்பக்கம் ஒரு மேடு. அது வலது ஷூவுக்குள் வெளிப்பக்கம் போய் உட்கார்ந்து, அக்காவை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஊர்க் காலுக்கெல்லாம் அளவு பாத்த மகராசி!" என்று நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ரொம்ப மெத்துனு போட்டாலும் பாதத்துக்குத் தரை தெரியாதும்மா. வயசானவங்களுக்கு மெல்லிசா, கெட்டியா இருக்கறதுதான் நல்லது. தினமும் சுவரப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு பழகுங்க" என்றாள் அந்தப் பெண். அன்றே அக்கா அட்டைகளை மாற்றினாள். அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றுதான் என்னோடு சண்டை போடுகிறாள்.

மாதக் கடைசி வந்தது. நானும் கடைக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். "ஏணிய நான் புடிச்சுக்கறேன்" என்று முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார். அக்கா ஏணியை விட்டுவிட்டு அவர் காலையே பார்த்தாள்.

"முதலாளி, உக்காருங்க. ஷூவக் கழட்டுங்க."

"என்னக்கா இது, எல்லாரும் பாக்கறாங்க!"

நாற்பது வருடப் பழக்கம், கீழே உட்கார்ந்து அவளே உருவிவிட்டாள். இரண்டும் இடது. கடையே சிரித்தது. முதலாளி மட்டும் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எட்டாம் நம்பர், மெல்லிசு. உச்சித் தட்டுல இருக்கு" என்றாள் அக்கா.

அவர் ஏணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பாத்து ஏறுங்கக்கா" என்றார்.

ஏறினாள். பெட்டியை எடுத்து அக்குளில் இடுக்கினாள். இறங்காமல், ஒரு காலால் ஓங்கி ஓர் உந்து. ஏணி அலமாரிகளை எல்லாம் தாண்டி ஓடியது.

"அக்கா, பெட்டியத்தான் எடுத்துட்டீங்களே, எங்க போறீங்க?" என்று முதலாளி வெறுங்காலோடு கத்தினார்.

"சும்மாதான்!" என்றாள் அக்கா, கடையின் அந்தக் கோடியிலிருந்து.